வரலாம், வரலாம்

பதினொரு வருசம் பிள்ளைகளைச் சுமந்த பள்ளிக்கூட வேன்.
பி.எஃப். பணம் வந்த வாரத்தில்
ஏலத்தில் எடுத்தேன்.
மஞ்சளைச் சுரண்டியாயிற்று. ஆனாலும்
கதவிடுக்கில் கொஞ்சம் மிச்சம்.
ஜன்னல் சட்டத்தில் காம்பஸ் முனையால் கீறிய
மௌனிகா 6 ஆ.
"இதையுங் கிரைண்டர்ல ஓட்டிரலாமுங்களா?"
செங்கோட்டுவேல் கேட்டான்.
இருக்கட்டும் என்றேன்.
அந்த ஓரத்து சீட்டுக்கு
எத்தனை பேரைத் தள்ளினாளோ.

திருச்செங்கோட்டுக்கு
ஊரைவிட்டுப் போகிற வண்டி புதிதில்லை.
பட்டறை முழுக்க போர்வெல் லாரிகள்,
சத்தீஸ்கர் செம்மண் டயரில் காய்ந்தபடி.
பொம்பளை ஒருத்திக்குப் படுக்கை வைத்து
பாடி கட்டுவதுதான்
டீக்கடை வரைக்கும் போயிருக்கிறது.
"கூட யாருங்க வர்றாங்க?"
அறுபது லிட்டர் தண்ணியும் ஒரு பேட்டரியும் என்றேன்.
தண்ணி இடப்பக்கம், பேட்டரி வலப்பக்கம்.
இல்லாவிட்டால் வண்டி ஒருச்சாய்ந்து போகும்.
என் கல்யாணத்தில்
இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

திருப்பூர் லைன் வீட்டைக் காலி செய்தேன்.
அட்வான்ஸில் எண்ணூறு பிடித்தம்,
சுவரில் ஆணி அடித்ததற்கு.
இங்கே பிளைவுட்டில் வந்த அன்றே நாலு அடித்தேன்.
மாட்ட ஒன்றுமில்லை. சும்மா.

ஒரு போசி, ஒரு வட்டல், ஒரு டம்ளர்.
சீட்டில் எழுதும்போது
கை தானாக இரண்டு என்று போகிறது.
"ஒறம்பரை வந்தா?" என்றான் தம்பி சாமியப்பன்.
வந்தால் அவர்கள் குடித்த பிறகு
கழுவிக்கொண்டு நான் குடிக்கிறேன்.
இன்சூரன்ஸ் தாளில்
நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம்.
அவன் வீட்டு நம்பரைப் போட்டேன்.
"லெட்டர் வந்தா எங்கக்கா அனுப்பறது?"
கரண்ட் பில்லைத் தவிர
எனக்கு இதுவரை யாரடா எழுதினார்கள்.

கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் வைத்தான்.
பழக்கத்தில் வெளியேயும் ஒன்று.
சாவிப் பூட்டு போதும், வெளித்தாழ்ப்பாளைக் கழற்று என்றேன்.
"எல்லாக் கதவுக்கும் போடறதுதானுங்க."
அதனாலதான்.
என் முகத்தைப் பார்த்தவன் மேலே கேட்கவில்லை.
நாலு திருகாணி ஓட்டைக்கும் பட்டி வைத்து
உப்புத்தாள் போட்டு
தடமே தெரியாமல் தேய்த்தான்.

பனியன் கம்பெனி செக்கிங்கில் இருபத்தாறு வருசம்.
துணியை வெளிச்சத்தின் மேல் இழுத்தால்
ஊசி விட்ட கோடு, எண்ணெய்ப் பொட்டு,
கடுகளவு ஓட்டை,
எல்லாம் அதுவே சொல்லிவிடும்.
ராத்திரி எட்டுக்கு வண்டிக்குள் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு
இருட்டில் சாக்பீஸோடு இறங்கினோம்.
மழை எங்கே வரும் என்று
வெளிச்சம் வெளியே வந்து காட்டியது.
அவன் பதினொன்று எண்ணினான்.
நான் மண்ணில் மல்லாந்து
சக்கர வளைவுக்கு மேலே பன்னிரண்டாவதை வட்டமிட்டேன்.
"கண்ணு இல்லீங்க இது, மிசினு" என்றான்.
கம்பெனியில் ஒரு நாளும் யாரும் அதைச் சொன்னதில்லை.
பேக் பண்ணினதை எண்ணுவார்கள்.

அன்றைக்கு அங்கேயே படுத்தேன்.
திரை இன்னும் தைக்கவில்லை.
மௌனிகா சீட்டு இருந்த பக்கம் தலை.
மலைக்கோயில் படி விளக்குகள் வளைந்து வளைந்து ஏறின.
ரெண்டு தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.
மூன்றாவது தடவை
ஒன்றுக்குப் போக நானே திறந்தேன்.

முன்னே ஓட்ட வருகிறது.
சங்ககிரி வரை போய்த் திரும்பிவிட்டேன்.
ரிவர்ஸ்தான் படியவில்லை.
செங்கோட்டுவேல் பின்னால் நின்று வண்டியைத் தட்டித் தட்டி
வரலாம் வரலாம் என்பான்.
அந்தத் தட்டல் இருந்தால்
கண்ணாடியைப் பார்க்கவே மறந்துபோகிறது.

இன்று ஞாயிறு. பட்டறை லீவு.
பத்தடி பின்னால் ஒரு செங்கல்லை நிறுத்திவிட்டு
நானே ஏறி
நானே சொல்லிக்கொள்கிறேன்,
வரலாம், வரலாம்,
இன்னும் கொஞ்சம் வரலாம்.

செங்கல் நொறுங்கிற்று.
இறங்கி, தூளைக் காலால் ஒதுக்கி,
இன்னொன்று வைத்தேன்.