பெண்பால் விகுதி

வழிகாட்டியோடு சேர்த்து முப்பத்தொரு தலை.
எண்ணுவது என் வேலை,
ஓட்டுவது போக.

காலையில் கோட்டை, பத்தரைக்குக் கண்ணாடிப் பட்டறை.
அயர்லாந்துப் பால்பண்ணைக்காரர்கள்
கொட்டாவி விட்டார்கள்.
ஹாப்ஸ் தோட்டத்தில் இறங்கியதும்
மண்ணைக் கிள்ளி முகர்கிறார்கள்.

ஏழு மீட்டர் கம்பியேறிய கொடி
அறுபட்டுச் சரிகிறது.
போஹுமில் செக்கில் பேசப் பேச
த்ரஹோமீரா ஆங்கிலமாக்குகிறாள்:
ஐம்பத்திரண்டில் நிலம் போயிற்று.
குதிரைகளும். இரண்டும் சாம்பல் நிறம்.
தொண்ணூற்றிரண்டில் நிலம் திரும்பியது,
குதிரைகள் திரும்பவில்லை.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.

பறிமுதல் தாளில் கையெழுத்துப் போட்டவன்
பெயரையும் சொன்னார்.
ஆங்கிலத்தில் அது
"உள்ளூர் அதிகாரி ஒருவர்" ஆயிற்று.

எனக்கு இரண்டு மொழியும் ஓடும்.
அவள் சட்டையில் குத்திய அட்டையில்
அதே குடும்பப் பெயர்,
பெண்பால் விகுதியோடு.

போஹுமிலுக்கும் கண் இருக்கிறதே.
அட்டையைப் படித்தார்,
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை.
பிறகு கசகசா வைத்த கொலாச் தட்டை
முதலில் அவளிடம் நீட்டினார்.
எடுத்தாள். கடிக்கவில்லை.

பீரில் கசப்பு எங்கிருந்து வருகிறது,
யாரோ கேட்டார்.
பச்சைக் கூம்பு ஒன்றைப் பிளந்து
உள்ளிருந்த மஞ்சள் தூளைக் காட்டினார் போஹுமில்.
அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.
எண்ணினேன்: முப்பது.
மறுபடியும் முப்பது.
பக்கக் கண்ணாடியில் தெரிந்தாள்,
கம்பங்களுக்கு நடுவே, கையில் அந்த கொலாச்,
அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு.

இன்னும் ஒரு விடுதி, ஒரு நாட்டுப்புற நடனம்
பாக்கியிருக்கிறது.

எஞ்சினை அணைத்தேன்.