பதினொரு மில்லிமீற்றர்

செயற்றிட்டக் கொப்பியின் முதல் பக்கத்தில்
பாடசாலையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்
ஒரு பிரச்சினையைக் கண்டுபிடிக்குக
என்று இருக்கிறது.
ஒட்டுசுட்டான் சந்தியில் நாங்கள் மூன்று பேர்
ஒரு மணித்தியாலம் நின்று தேடினோம்.
பிரச்சினை இல்லாத ஒன்றைத்தான் காணவில்லை.
யானைக்கு அலாரம் என்றான் நிலக்சன்.
குளத்துக்கு நீர்மட்டம் காட்டி என்றாள் சாரங்கி.
நான் கச்சான் என்றேன்.
எனக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

சுகிர்தா அக்கா கச்சான் உடைத்துக் கொடுப்பவர்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
வலது பெருவிரல் நகம்
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.
ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அக்கா,
படிவத்தைப் பார்த்து வாசித்தேன்.
"பிள்ளை படுத்தாப் பிறகு எண்டால் நாலு."
நான் நாலு என்று எழுதினேன்.

ஆய்வுகூடத்தில் இருப்பது ஒரேயொரு வேணியர் இடுக்கி.
அதை ஆள்மாறி ஆள் பிடித்து
நூறு கச்சான் அளந்தோம்.
சிறியது ஒன்பது மில்லிமீற்றர்,
பெரியது பதினேழு.
சராசரி பன்னிரண்டு தசம் நாலு.
அந்த நூறில் ஒன்றுகூடப்
பன்னிரண்டு தசம் நாலு இல்லை.
சராசரி என்ற பாடத்தில் எனக்கு
எண்பத்தொன்பது புள்ளி.
இதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

பெயின்ற் வாளிக்குள் சீமெந்து ஊற்றி
உருளை வார்த்தோம்.
கைபிடிக்குச் சைக்கிள் பெடல்.
அச்சுக்கு இரும்பு தேடிப்
பழைய இரும்புக் கடைக்குப் போனால்
கடைக்காரர் சில துண்டுகளைக் காலால் ஒதுக்கி
அது வேண்டாம், இதை எடு என்றார்.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.
பொருட்பட்டியல்:
இரும்புக் கம்பி, ஒன்று, இருநூற்றைம்பது ரூபா.

முதல் ஓட்டத்தில் நூறு போட்டோம்.
அறுபத்தொன்று மாவாக வந்தது.
சாரங்கிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
சீனி போட்டுப் பிசைந்து தின்றோம்.
தோல்வி என்று கொப்பியில் எழுதுமுன்
தோல்வி முடிந்துவிட்டது.

பிறகு ரியூப்பில் வளையம் வெட்டி
ஒவ்வொன்றாகச் செருகி
இடைவெளியை மாற்றினோம்.
பத்தில் நொறுங்கியது.
பதின்மூன்றில் உடையவேயில்லை,
போட்டபடியே கீழே வந்து கிடந்தது.
பதினொன்றுக்கு வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை.
மழை இருட்டு. கரண்டும் இல்லை.
கோது வேறு பருப்பு வேறாகக் கொட்டும் சத்தத்தைத்தான்
முதலில் கேட்டோம்.
ஃபோன் வெளிச்சத்தில் எண்ணினால்
எழுபத்தெட்டு முழுப் பருப்பு.
நிலக்சன் கையெடுத்துக் கும்பிட்டான்.
யாரை என்று அவனுக்கும் தெரியாது.

வலயப் போட்டியில்
ஏன் மோட்டர் பூட்டவில்லை என்று கேட்டார்கள்.
செலவு என்றோம், பாடமாக்கியபடி.
மூன்றாம் இடம்.
சான்றிதழில் சாரங்கியின் பெயருக்கு
ஒரு அரவு குறைவு.
சரங்கி, சரங்கி என்று
ஒரு கிழமை பகிடி.

மெசினை அக்காவுக்கே கொடுத்தோம்.
இரண்டு கிழமை கழித்துப் போனேன்.
தகரத்துக்குக் கீழே
உரச் சாக்கால் மூடியிருந்தது.
அக்கா சுளகை மடியில் வைத்துக்
கையால் உடைத்துக்கொண்டிருந்தார்.
பிள்ளை பக்கத்தில் பாயில்.
"நல்ல மெசின் தங்கச்சி,"
குரலைத் தாழ்த்திச் சொன்னார்,
"சத்தத்துக்குப் பிள்ளை எழும்பிடும்."

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பிரித்தேன்.
நாலு.
என் கையெழுத்துத்தான், வடிவான நாலு.
அதன் முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது.
பென்சிலால் நெருக்கி எழுதினேன்:
பிள்ளை படுத்தாப் பிறகு.

திங்கட்கிழமை இதைச் சொன்னதும்
நிலக்சன் வேணியர் இடுக்கியைத்
திறந்து மூடித் திறந்து மூடி
சத்தத்தை எதால் அளக்கிறது என்று கேட்டான்.
ஆய்வுகூடத்தில் அதற்கு ஒன்றும் இல்லை.
"பிள்ளை இருக்குத்தானே" என்றாள் சாரங்கி,
கத்தரிக்கோலும் மிச்ச ரியூப்பும்
ஏற்கெனவே அவள் கையில்.