இரண்டு மணிக் கட்டம்

மூணாறு தலைப்பில் எனக்கு ராத்திரி வேலை.
வெண்ணாறு இங்கே மூன்றாய்ப் பிரிகிறது:
ஒன்று பழைய பெயரையே வைத்துக்கொண்டு,
ஒன்று கோரையாறாய், ஒன்று பாமணியாய்.
மணிக்கொரு தடவை டார்ச் அடித்து
சுவரில் வரைந்த அடிக்கோலில்
தண்ணீர் எந்தக் கோட்டை நக்குகிறது என்று
பதிவேட்டில் எழுத வேண்டும்.
லஸ்கர் உத்தியோகம் அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் கொசு.

சாஜிதாவும் ராத்திரிக்காரி.
ப்ளஸ் டூவில் அடுத்த வரிசை.
தங்கை நிக்காவுக்குக் கூத்தாநல்லூர் வந்தவள்
மொட்டைமாடியில் மடிக்கணினியோடு
ஏதோ ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக்
கணக்குப் பார்க்கிறாள்.
ஒருநாள் படம் அனுப்பினாள்:
நேராய்ப் போகிற கோடு, நடுவில் சின்னப் பள்ளம்.
‘என்ன தெரியுது?’
நான் யோசிக்கவே இல்லை.
‘மேல எவனோ மடையத் தூக்கியிருக்கான்.’

ஏழு சிரிப்புப் பொம்மை வந்தது.
பிறகு அழைத்தே சொன்னாள்:
‘அதேதான், ஆபத்சகாயம்.
அந்தக் கோளை யாரும் பார்த்ததில்ல.
அது குறுக்கே போற மூணு மணி நேரம்
வெளிச்சம் ஆயிரத்துல ஒரு பங்கு குறையுது.
குறைஞ்சத வச்சுத்தான் ஆளைப் பிடிக்கிறோம்.’

ஆயிரத்தில் ஒன்று:
நாற்பது கிலோ சிப்பத்தில் ஒரு கை நெல்.
கொள்முதல் நிலையத்தில் இரண்டு கிலோ குறைகிறது,
கண்ணெதிரே.
யாரும் அதைக் கிரகம் என்று சொல்வதில்லை.

தஞ்சாவூரில் மராட்டியர் வந்து உட்கார்ந்த சூட்டோடு
கிளம்பிய வெளிச்சமாம் அது.
இந்த மதகுக்குச் சுண்ணாம்பு குழைக்க
இன்னும் ஆள் பிறக்கவில்லை.

ஒரு பள்ளம் போதாது என்றாள்.
கருவியின் விக்கலாக இருக்கலாம்,
பின்னால் ஒளிந்த இரட்டை நட்சத்திரமாக இருக்கலாம்.
தெரியாதா எனக்கு? போன ஆவணியில்
அரை அடி குறைந்ததென்று ஏ.ஈ.யை எழுப்பிவிட்டேன்.
விடிந்து பார்த்தால் கதவில் ஆகாயத்தாமரை,
அதன் நடுவே செத்த கன்று.

பதினோரு நாள் கழித்து இன்னொரு பள்ளம்.
அதே அகலம், அதே ஆழம்.
மூன்றாவதும் இருந்தால் எழுதி அனுப்பலாம்.
வெள்ளி ராத்திரி தரவு இறங்கும்.

பக்கத்தில்தான் ஆலங்குடி.
குரு பெயர்ந்தால் ஸ்பெஷல் பஸ்,
கொண்டைக்கடலை மாலை, தடுப்புக் கட்டை.
இதற்குப் பதினோரு நாளுக்கொரு பெயர்ச்சி,
பெயரே இல்லாமல், ஒரு எண்ணோடு.

அந்த வெள்ளிக்கிழமை நான் தூங்கிவிட்டேன்.
ஒன்றே காலுக்குச் சாய்ந்தவன்
மூன்றுக்கு எழுந்தேன்.
ஒரு மணிக்கு நாலு முப்பது,
மூன்று மணிக்கு நாலு முப்பது.
இரண்டு மணிக் கட்டத்தில்
நாலு முப்பது என்று எழுதினேன்.
எல்லோரும் எழுதுவதுதான்.

மறுநாள் ஸ்கூட்டியில் வந்தாள்,
டப்பா நிறைய தம்ரூட்டும்
தூங்காத கண்ணுமாய்.
திரையில் அந்தக் கோடு
ஓரிடத்தில் அறுந்து
கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது.
மூன்றாவது பள்ளத்துக்குரிய நேரத்தில்
தொலைநோக்கி பூமிப் பக்கம் திரும்பி
சேர்த்ததை அனுப்பிக்கொண்டிருந்ததாம்.

‘ரெண்டு முனையும் ஒரே மட்டந்தானே,
இழுத்துச் சேத்துட வேண்டியதுதானே?’
‘சேக்கலாம்’ என்றாள்.
‘அப்புறம் அதுல ஒரு கோள் செத்துப்போகும்.’
மேஜையில் என் பதிவேடு திறந்து கிடந்தது.
விரலால் வரிசையைத் தடவிப் பார்த்தாள்.
‘உன் ஆறு ரொம்ப ஒழுங்கு.’

அவள் போய், விளக்கு வைக்கிற நேரம்
பாமணிக் கரையிலிருந்து உத்திராபதி வந்தார்,
வேட்டியில் சேறு காயாமல்.
‘நேத்து ராத்திரி ரெண்டு மணி வாக்குல
வாய்க்கால்ல தண்ணி இறங்கிப்போச்சு தம்பி.
முக்கா மணி நேரம். என் முறை அது.
மேல எவன் எடுத்தான்?
ஏட்ட எடுங்க, பாப்போம்.’

எடுத்துக் காட்டினேன்.
நாலு முப்பது.
அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு ஆற்றைப் பார்த்தார்.