எடைமேடைக்கு மட்டும் இல்லை

மேசைமேல் மூன்று விலைப்பட்டியல்.
காற்று கொண்டுபோகாமலிருக்க
மேலே ஒரு செத்த கன்ட்ரோல் கார்டு.
போன மார்ச் இடியில் போனது.
வாங்கியபோது நாற்பத்தோரு லட்சம் ஷில்லிங்,
இப்போது காகிதப் பாரம்.

புகாலா தீவில் எங்கள் ஐஸ் ஆலை.
அறுபது படகு, ஒரு கம்ப்ரஸர்.
நான் கணக்கு எழுதுகிறவள்.
விக்டோரியா ஏரி இரவெல்லாம் மேகம் சேர்க்கும்,
விடியுமுன் எங்கள் தலையில் கொட்டும்.
மின்னல் இங்கே பருவமில்லை, பழக்கம்.

முதல் பட்டியல் மலிவு.
எத்தனை கிலோ ஆம்பியர் தாங்கும் என்ற கட்டத்தில்
ஒரு சிறு கோடு மட்டும்.
மூன்றாவதோ
மின்சாரமே வேண்டாமென்று இருந்துவிடலாம் போல
ஒரு தொகை.

எலக்ட்ரீஷியன் கிவானுக்கா படகேறி வந்தார்.
(இடியின் பழந்தெய்வத்துக்கும் அதே பெயர்.
அதற்காகக் கூலியில் கழிவு கேட்டேன். சிரித்தார், தரவில்லை.)
பட்டியல்களை அவர் தொடவே இல்லை.
கடப்பாரையால் தரையைக் குத்தினார்.
ணங் என்றது.

"பெட்டியின் விலை பெட்டியில் இல்லை, கணக்கம்மா.
இந்தப் பாறையில் இருக்கிறது.
மேலிருந்து வருவதை இறக்கிவைக்க மண் வேண்டும்.
ஒரு கம்பி போதாது, ஆறு.
பென்டோனைட் களிமண் பன்னிரண்டு மூட்டை,
அதற்குப் படகு வாடகை.
பெட்டிக்கும் போர்டுக்கும் நடுவே ஒயர்
அரை மீட்டர் தாண்டினால்
தாண்டிய ஒவ்வொரு சாணும் உங்கள் கார்டுக்குத்தான் வலிக்கும்.
போர்டை நகர்த்தணும், இரண்டு நாள் வேலை.
அப்புறம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்:
கெட்டால் முழுசாகத் தூக்கி எறியணுமா,
உள்ளே கேட்ரிட்ஜை மட்டும் மாற்றலாமா?"

எந்தப் பட்டியலிலும் இல்லாத வரிகளை
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஓரம் போதவில்லை.

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்க்க
நான் கூட்டலைப் பார்த்தேன்.
நான்கு படகுக்காரி நபோசா கேட்டது ஒன்றே:
"ஒரு ராத்திரி ஐஸ் இல்லையென்றால்?"
யாரும் வாய் திறக்கவில்லை.
அந்த நாற்றம் எல்லோருக்கும் தெரியும்.
வயிறு உப்பிக் கண் வெளுத்த நைல் கொடுவாக்களை
மராபு நாரைகளே தின்று சலித்து
மீதம் வைத்த காலை.
என் பேரேட்டில் அதற்குத் தலைப்பு கிடையாது.

நடுப் பட்டியலை வாங்கினோம்.
மெயின் போர்டுக்கு ஒன்று, கம்ப்ரஸருக்கு ஒன்று.
எடைமேடைக்கும் ஒன்று என்றிருந்தது.
அந்த வரியை அடித்தது நான்தான்.
ஒன்பது லட்சம் மிச்சம் என்று
கோட்டின்கீழ் இன்னொரு கோடு போட்டேன்.

நவம்பர். பின்னிரவு மூன்று மணி.
ஏரி வெள்ளையாகத் தெரிந்து, இல்லாமல் போனது.
டார்ச்சோடு ஓடினேன்.
பெட்டியின் சின்னச் சன்னல்
பச்சை போய்ச் சிவந்திருந்தது.
கம்ப்ரஸர் தன் பழைய இருமலை
இருமிக்கொண்டே இருந்தது.

புதுக் கேட்ரிட்ஜ் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
செலவு என்று எழுதக் கை வரவில்லை.
"கூலி, ஓர் இரவுக்கு" என்று எழுதினேன்.

எடைமேடை மட்டும்
முப்பது கிலோ கொடுவாவுக்கும் பூஜ்யம்,
ஏறி நின்று பார்த்தேன், எனக்கும் பூஜ்யம்.
நபோசா ஒன்றும் சொல்லவில்லை.
கூடையை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.
மிச்சம் பிடித்த ஒன்பது லட்சத்தை
இதில் வைத்துக் காட்டு என்பாளோ என்று
நான் பேனாவைத் தேடுகிறவளாய்க்
குனிந்துகொண்டேன்.