நூற்றுப் பதினாறு மீட்டர்

பகலெல்லாம் ஒழுங்காய்த்தான் பார்த்தது,
முதுநகர் ஐஸ் கம்பெனிக் கம்பத்துக் கேமரா:
உப்பனாற்றில் திரும்பும் போட்டுகளை,
பெட்டி எண்ணும் அஞ்சாபுலியின்
காதில் செருகிய பென்சிலை.

ஆறரைக்குச் செத்தது.
பிழைத்தது.
திரும்பவும் செத்தது.

“காத்து கருப்பு ஏதாச்சும்...” என்றார் வாட்ச்மேன்.
ஏணி போட்டு ஏறினேன்.
மேலே பிளக் கிடையாது, அடாப்டர் கிடையாது.
சுவிட்சிலிருந்து வருகிற நீல வயர் ஒன்றுதான்.
சேதி போவதும் அதில்
சோறு வருவதும் அதில்.

இருட்டினால்
தன்னைச் சுற்றிச் சின்னச் சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொள்ளும்.
அந்நேரம் பார்த்துத்தான் பசி கூடும்.

நூறு மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது.
மெஷின் ரூமைச் சுற்றிக் கொண்டுபோ என்றார் முதலாளி,
செம்பு வேண்டாம், செம்பு பூசிய அலுமினியம் போதும் என்றார்.
பதினாறு மீட்டர் கூட வந்தது.
தலையாட்டியது நான்.

கடை திறக்கக் காலை பத்தாகும்.
செட்டிங்கில் போய்
விளக்குகளை மட்டும் அணைத்தேன்.
அப்புறம் அது சாகவில்லை.

திரை முழுக்கக் கறுப்பு.
மூலையில் மட்டும் மணி ஓடிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்த அஞ்சாபுலி,
“ஒண்ணுமே தெரியலியே தம்பி?”

“முழிச்சிருக்குண்ணே.”