மூன்று விரற்கடை

முதலில் நான் வாங்கியது துப்பாக்கி அல்ல,
அது படுத்திருந்த பள்ளம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு,
எனாமல் தூக்குகளுக்கும் கை உடைந்த பீங்கான் பொம்மைக்கும் நடுவே
நசுருதீன் கடையில் ஒரு தோல்பெட்டி.
திறந்தால் பச்சைக் கம்பளித் துணி.
அதில் குழலுக்கு ஒரு வாய்க்கால்,
கட்டைக்கு ஒரு குளம்,
எண்ணெய்ச் சீசாவுக்குச் சின்னதாய் ஒரு கிணறு.
எல்லாம் வறண்டு கிடந்தன.
"உள்ளே இருந்தது எங்கே?"
"வந்தப்பவே இப்படித்தாண்ணே.
பாச்சை உருண்டை போட்டுப் பட்டுச்சேலை வைக்கலாம்."
நாலாயிரத்து இருநூறு சொன்னார்.
பேரம் பேச வாய் வரவில்லை.

நான் திருமயம் சாலையில் எடைமேடை நடத்துகிறவன்.
பாரத்தோடு ஒருமுறை, வெறும் வண்டியாய் ஒருமுறை;
கழித்தால் வருவதுதான் சரக்கு.
அன்றிரவு பெட்டியை மேடைமேல் வைத்துப் பார்த்தேன்.
சிவப்புச் சுழியங்கள் அசையவில்லை.
லாரிக்குக் கட்டிய மேடைக்கு
இல்லாத ஒன்றின் கனம் எப்படித் தெரியும்?

நாலு வருஷம்.
ஒருநாள் பிடிபட்ட மணல் லாரியை எடை போட
ரைட்டர் சந்தனம் வந்தார்.
சீட்டு அச்சாகும் நேரத்தில் பேச்சோடு பேச்சாக,
"எங்க ஸ்டேஷன்ல ஒரு ரெட்டைக்குழல் கெடக்கு.
ஏதோ ஒரு தேர்தலுக்கு ஒப்படைச்சது,
லைசென்ஸ்காரர் செத்துட்டார்,
பள்ளத்தூர்ல எட்டுப் பங்கு, எவரும் வரல."

வீட்டில் பங்கு, கிணற்றில் பங்கு,
துப்பாக்கியில் ஆளுக்கு அரைக்கால்.
கோவை வயிரவன் பேருந்து நிலையத்தில் நின்றபடியே கையெழுத்திட்டார்.
ஈப்போவிலிருந்து சேவுகன் தபாலில் அனுப்பினார்,
மழையில் நனைந்து ஊதா மை படர்ந்திருந்தது.
நாலு பேர் விலை கேட்டார்கள்.
ஒருவர் விலையே கேட்காதது பயமாக இருந்தது.
எட்டாவது, தேவகோட்டை மெய்யம்மை.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கையுறையைக் கழற்றாமலே,
"என் பங்கு எந்தக் குழல்?" என்றார்.
குத்துமதிப்பாக இடது என்றேன்.
"அது சுட்டதே இல்ல. வலதுதான், ஒரே தடவ.
என் கல்யாணத்துல அப்பச்சி வானத்தப் பாத்துச் சுட்டாக.
குதிர மெரண்டு மாப்பிள்ளையோட ஓடிருச்சு,
கோட்டையூர் வரைக்கும்."
"அப்புறம்? திரும்பி வந்தாரா?"
"வந்தார்.
முப்பத்தொரு வருஷம் இருந்தார்."
பேனாவை வாங்கிக்கொண்டார்.

சிவகங்கையில் விண்ணப்பப் படிவம்
காரணம் கேட்டது.
பயிரைக் காக்கவா, உயிரைக் காக்கவா?
பெட்டி காலியாக இருக்கிறது என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.
என்னிடம் மூன்று தென்னையும் ஒரு முருங்கையும் உண்டு.
பயிர் என்று எழுதினேன்.
விசாரிக்க வந்த ஏட்டு முருங்கையை அண்ணாந்து பார்த்துவிட்டு
நாலு காய் பறித்துக்கொண்டு போனார்.

ஒன்றேகால் வருஷம் கழித்து
சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
மனைவி கூடத்து விளக்கை எல்லாம் போட்டாள்.
துருவுக்கடியில் கொடி கொடியாய்ச் செதுக்கல்,
அதில் ஒரு காடை, கண் மட்டும் தேய்ந்து.
கட்டை குளத்தில் இறங்கியது.
குழல் இறங்கவில்லை.
திருப்பி வைத்தேன். சாய்த்து வைத்தேன்.
விரலால் அளந்தாள் அவள்:
மூன்று விரற்கடை அதிகம்.

நசுருதீனுக்குச் சொன்னபோது
அவர் வருத்தப்படவில்லை.
"அப்ப இதுக்கு ஒரு பெட்டி,
அதுக்கு ஒரு துப்பாக்கி. ரெண்டா எழுதிக்கவாண்ணே?"
எழுதிக்கொள்ளச் சொன்னேன்.
தொலைந்த ஒன்றைத் தேடியவன்
அன்றுமுதல் சேகரிப்பவன் ஆனேன்.

பதினோராம் நாள் சந்தனம் போன் செய்தார்:
உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தாயிற்று,
துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கவும்.
அதே அலமாரி, அதே ஆணி.
அவர் எழுதித் தந்த ரசீதைச் சுருட்டி
பெட்டியில் வைத்தேன்.
வாய்க்காலில்
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.