ரீல் நாற்பத்தொன்று

பெட்டியைத் திறந்ததும் குப்பென்று காடி நெடி.
அசிட்டேட் பிலிம் சாகும்போது இப்படித்தான் புளிக்கும் என்றாள்
லோரெல், முதல் நாளே,
மூக்கைக்கூடப் பொத்தாமல்.
மூன்றாம் வாரம்
என் மதியச் சாப்பாட்டிலும் அதே வாசனை.

வெளியே சுப்பீரியர் ஏரி கரையோரம் உறைந்து கிடக்கிறது.
மூடிய செம்புச் சுரங்கத்தின் கோபுரம்
இடுப்பளவு பனியில்.
உள்ளே நான், ஒரு விளக்கு, ஒரு லென்ஸ்,
நாளுக்கு ஆயிரத்து இருநூறு பக்கம்.
ஃபின்லாந்திலிருந்து மண்ணுக்கடியில் இறங்க வந்தவர்கள்
தங்கள் மொழியில் அச்சிட்ட வாரத்தாள்.
எனக்கு அந்த மொழியில் தெரிந்தது
ரொட்டி, ஆண்டவர், நாலைந்து வசவு.
மற்றதற்கு அகராதி.

ஐம்பத்தெட்டில் இதைப் படமெடுத்தவரின் பெயர்
எந்தப் பெட்டியிலும் இல்லை.
கட்டைவிரல் இருக்கிறது.
தாள் சுருண்ட இடத்திலெல்லாம்
ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது.
எதிலோ நசுங்கிய நகம்; கன்றிப்போன ஒரு கறுப்புப் புள்ளி
ரீல் பன்னிரண்டில் நகத்தின் அடியில்,
முப்பதில் நடுவில்,
நாற்பதில் நுனிக்கே வந்துவிட்டது.
செய்தித்தாளில் ஒன்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.
நகம் வளர ஒரு குளிர்காலம் போதுமாயிருந்தது.

விதிப் புத்தகம், பக்கம் ஏழு:
விளிம்பை வெட்டவும். விரல்கள் வேண்டாம்.

வெட்டிக்கொண்டே வந்தேன்,
1911 மார்ச் ஒன்பது வரை.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி:
பாறை சரிந்து இறந்தார்,
ஈசாக்கி பெல்தோனியெமி, வயது இருபத்தாறு.
எழுத்தறியும் மென்பொருள்
இதை ஒரு பிழையில்லாமல் படித்தது.
சாவுச் செய்தியைப் பெரிய எழுத்தில் போடுவார்கள் அல்லவா.

மார்ச் பதினாறு, கடைசிப் பக்கத்தின் மூலை.
திருத்தம் என்று தலைப்பு.
அதன் கீழ்
பிலிம் கொப்புளித்து, தோல் உரிந்து,
இரண்டே சொல் தப்பியிருக்கிறது.
பழைய கோண எழுத்து; மென்பொருளுக்குக் கண் மங்கல்;
ஈசாக்கியை ஈஃபாத்தி என்கிறது.
அப்படி ஒருவர் உலகில் எங்குமே பிறக்கவில்லை.

பெயருக்கு அடுத்த சொல்: இல்லை.

அந்த மொழியில் இல்லை முன்னால் நடக்கும்,
வினை பின்னால் வரும்.
அமிலம் தின்றது வினையை.

என்ன இல்லை?
சாகவில்லையா?
வயது இருபத்தாறு இல்லையா?
சுரங்கம் அது இல்லையா?
பதிமூன்றாம் ஆண்டுத் தாள்வரை ஓட்டிப் பார்த்தேன்.
சந்தா பாக்கிப் பட்டியலில்
இ. பெல்தோனியெமி, ஒன்றரை டாலர்.
நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.
லோரெல் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
என் அப்பா போய் ஆறு வருஷம்,
விதைக் கம்பெனியிலிருந்து அவருக்கு இன்னும்
தக்காளிப் படம் போட்ட புத்தகம் வருகிறது.

ஊகித்து எழுதக் கூடாது. அதுவும் விதி. அது நல்ல விதி.
ஃபாத்தியை அடித்து
சாக்கி என்று தட்டினேன்.
இல்லை என்பதைத் தட்டினேன்.
அதற்கப்பால், எல்லாருக்கும் போடுகிற அதே குறிப்பு:
படிக்க முடியவில்லை.

இன்று அந்தப் பெயரைத் தேடினால்
இரண்டு வரி வரும்.
ஒன்று இறந்தார் என்னும்.
மற்றது, மறுவாரம் யாரோ
ஒரு மேசைமுன் நின்று
ஏதோ ஒன்றை மறுத்ததைச் சொல்லும்.
அது அவராகவே இருக்கலாம்,
பனி அப்பிய பூட்ஸோடு.

அந்தப் பக்கத்தின் விளிம்பை
வெட்ட மறந்துவிட்டதாக அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
திருத்தத்துக்குப் பக்கத்தில்தான் விரல் இருக்கிறது.
கறுப்புப் புள்ளி போய்விட்டது;
நகத்தை அப்போதுதான் வெட்டியிருக்கிறார்.